ஏரிக்குள் ஒரு வீடு

"உங்க வீடு ஏரி நடுவுல இருக்குதுங்க" என்றாள் இசைவாணி, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டி.

சகாயராஜ் திரையை எட்டிப் பார்த்தான். "இன்னா மேடம் சொல்றீங்க? அம்பது வருசமா மாதா கோயில் தெருவுல இருக்கிறோம். ஏரி நடுவுல கட்டினா மீனுதான் குடியிருக்கும்!"

பெருமுக்கல்லிலிருந்து மனைவி ஜெசிந்தாவை மொபெட்டில் உட்காரவைத்து, திண்டிவனத்தில் இருக்கும் இந்தத் தாலுகா ஆபீசுக்கு அடித்துப் பிடித்து வந்திருந்தான். சட்டைப் பையில் நோட்டீஸ். ஏரி ஆக்கிரமிப்பாம், பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். வழியெல்லாம் நோட்டீஸ் அனுப்பியவனைத் திட்டினான். வண்டியின் பக்கக் கண்ணாடியை உடைத்தது யாரென்று இன்னும் தெரியாததால் அவனையும் சேர்த்துத் திட்டினான்.

"பதறாதீங்க. லேயர் போட்டுப் பாக்கலாம்."

"லாயரெல்லாம் வைக்க வசதி இல்லீங்க மேடம்!"

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லாயர் இல்லீங்க, லேயர். அடுக்கு. இதை ஜி.ஐ.எஸ்.னு சொல்லுவோம். கீழ இருக்கிறது சாட்டிலைட் போட்டோ. அதுமேல ரோடு ஒரு அடுக்கு, ஏரி ஒரு அடுக்கு, வீடுங்க ஒரு அடுக்கு. வெள்ளம் வந்தா எந்தத் தெரு முழுகும், ஆம்புலன்ஸ் எந்த வழியில ஜல்தியா போகும், எல்லாம் இதுலயே தெரியும்."

படத்தைப் பெரிதாக்கினாள். மாதா கோயில், தண்ணீர்த் தொட்டி, அவர்கள் வீட்டு ஓட்டுக்கூரை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சகாயராஜ் பெயர் போட்ட சிவப்புப் புள்ளி மட்டும் தள்ளிப்போய் ஏரியில் கிடந்தது.

"வீட்டு வாசல்ல நின்னு லொகேஷன் அனுப்பச் சொல்லி எங்க ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் வந்துதே? உங்க நம்பர்லேர்ந்து லொகேஷன் மே ஏழாம் தேதி காலையில பதினோரு மணிக்கு வந்திருக்குது. அப்ப எங்க இருந்தீங்க?"

"கோட்டக்குப்பத்துல பெயின்ட் அடிச்சுக்கினு இருந்தேங்க."

"புள்ளி ஏரியிலதானே இருக்குது! காஞ்ச ஏரியில சீட்டாட்டமா?"

"மாதா மேல சத்தியமா இல்லீங்க!"

ஜெசிந்தா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் இந்த ஆளுக்கு நல்ல பூசை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் இசைவாணி.

"எங்கேர்ந்து அனுப்புனீங்கன்னு நிஜத்தை எழுதிக் குடுங்க. புள்ளிய மாத்திட்டா நோட்டீஸ் ரத்தாயிடும். இல்லேன்னா பேஜாருதான்."

"போகாத எடத்தை எப்படிங்க எழுதுவேன்?" என்றான் சகாயராஜ்.

"தாளை எங்கிட்ட குடுங்க மேடம்" என்றாள் ஜெசிந்தா. நாலு வரி எழுதி, மடித்துக் கொடுத்தாள்.

படித்த இசைவாணி உதட்டைக் கடித்துக்கொண்டு மவுஸை இழுத்தாள். சிவப்புப் புள்ளி ஏரியை விட்டு நகர்ந்து, மாதா கோயில் தெருவில் அவர்கள் கூரைமேல் வந்து உட்கார்ந்தது.

"அப்பாடா!" சகாயராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாளை வாங்கிப் படித்தான்.

'அன்று அவர் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். மெசேஜ் வந்தபோது நான் வற்றிய ஏரியில், அவருக்குத் தெரியாமல் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். அவசரத்தில் அங்கிருந்தே அழுத்திவிட்டேன். கண்ணாடி உடைந்ததும் அங்கேதான்.'

சகாயராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டிச் சாவியை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினான்.

"வூட்டுக்கு நீயே ஓட்டு. எனக்குக் காலு இன்னும் நடுங்குது."