மலைமேல் ராகுகாலம்

"காத்து கூடிட்டு சார். இப்பம் வேண்டாம்," என்றார் பிரைட்டன்.

அனந்தநாராயணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவையாக ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தார். எதிரே கொங்கண் கடல், காலடியில் மலைச்சரிவு. நாலு எட்டு ஓடினால் போதும், பாராக்ளைடர் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மாட்டுங்காவில் பிறந்து, செம்பூர் ஆபீஸில் நாற்காலியைத் தேய்த்த மனிதருக்கு ஐம்பது வயதுக்குள் தனியாகப் பறந்துவிட வேண்டுமென்று ஆசை. குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்தாகிவிட்டது. ஆபீஸில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டும் ஆகிவிட்டது. இன்று சனிக்கிழமை. நாளை டோம்பிவிலியில் மைத்துனன் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். அடுத்த வாரம் மழை வந்தால் மலையை மூடிவிடுவார்கள், பிறகு அக்டோபரில்தான்.

"அதோ அவன் பறக்கறானே?" என்று வானத்தைக் காட்டினார்.

"அது ஹேங் க்ளைடர் சார். அலுமினியச் சட்டம் போட்டது, எதிர்க்காத்தைக் கிழிச்சிட்டுப் போவும். நம்மளது வெறும் துணி." தாராவிக்காரரான பிரைட்டன் பொறுமையாகத்தான் சொன்னார். பயிற்சி கொடுப்பவருக்குப் பொறுமை போனால் பிழைப்பு போச்சு. "காத்து ஜாஸ்தியானா நாம முன்னால போவ மாட்டோம், மலைக்குப் பின்னால தள்ளிரும். அங்க காத்து சுருட்டிட்டுக் கெடக்கும். துணி மடங்கிச்சின்னா ஆள் கீழதான். வெயில் தாழட்டும் சார்."

"மத்தியானத்துலேர்ந்து இதையேதான் சொல்றேள். பயந்துண்டே இருந்தா எப்போ பறக்கறது? போறும், இது என்னோட சொந்த க்ளைடர். என் பொறுப்பு."

பிரைட்டன் காற்று மீட்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அனந்தநாராயணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைசி கொக்கியை மாட்டினார். மனைவி ஷ்யாமளா அதுவரை பாறை நிழலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து அவருக்குக் குறுக்கே நின்றாள்.

"ஏன்னா, இப்போ ராகுகாலம்."

எடுத்த கால் அப்படியே நின்றது. "எப்போ முடியும்?"

"நாலரைலேர்ந்து ஆறு."

அனந்தநாராயணன் ஹெல்மெட் வாரைத் தளர்த்தினார். ராகுகாலத்தில் பேனாவுக்கு ரீஃபில்கூட வாங்காதவர் அவர். ஃப்ளாட் பத்திரத்தில் கையெழுத்துப் போட பில்டரையே ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தவர். ஆனால் எந்தக் கிழமைக்கு எந்த நேரம் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறியதே இல்லை. அம்மா இருந்தவரை அம்மா சொன்னாள், அப்புறம் ஷ்யாமளா சொன்னாள்.

கொக்கிகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை, எழுந்தார். பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். கையில் வாட்ச் கட்டியிருந்தும் ஷ்யாமளாவிடம் மணி கேட்டார்.

"இத்தனை நாள் விட்டுட்டு இன்னிக்குத்தானா இந்த ராகு வரணும்?"

"தினமும்தான் வரது. நீங்க உக்காருங்கோ."

அந்த நேரம் பார்த்து வேறு கும்பலோடு வந்த ஒருவர், நீல நிறப் பாராக்ளைடரை விரித்துக்கொண்டு சரிவுக்குப் போனார். பிரைட்டன் கையை ஆட்டிக் கத்தியது காற்றில் போய்விட்டது. நீலம் லிஃப்ட் மாதிரி ஜிவ்வென்று மேலே ஏறியது.

"பாத்தியா? நான் அங்கே இருக்க வேண்டியது," என்று பொருமினார் அனந்தநாராயணன்.

மேலே போனவர் முன்னால் போகவில்லை. முகம் கடலைப் பார்த்திருக்க, உடம்பு மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தது. இவர்கள் தலைக்கு மேலேயே வந்து, முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. அங்கே நீலத் துணியின் ஒரு பாதி கசங்கியது. அடுத்த நொடி ஆள் களாச்செடிப் புதருக்குள் விழுந்தார்.

பிரைட்டன் ஓடினார், எல்லோரும் ஓடினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்து "ஆயி, ஆயி" என்று மராத்தியில் அம்மாவைக் கூப்பிட்டு முனகியவரின் பக்கத்திலேயே அனந்தநாராயணன் உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்துவிட்டார். இத்தனை பயம் அவர் ஆயுளில் பட்டதில்லை.

ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திரும்பினார்.

"பாத்தேளா பிரைட்டன்? உங்க மீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்க பெரியவா இதையெல்லாம் சும்மா ஏற்படுத்தலை. ராகுகாலம் மட்டும் குறுக்கே வரலைன்னா என் கதி என்ன?"

பிரைட்டன் ஷ்யாமளாவைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். "ஆமா சார்," என்றார்.

"இனிமே உன்னையே நம்பிண்டிருக்கப்படாது ஷ்யாமளா. பக்கத்துல நீ இல்லேன்னா என்ன பண்றது? ஒவ்வொரு கிழமைக்கும் அலாரம் வெச்சுக்கப்போறேன்." ஃபோனை எடுத்துத் தட்டினார். "இன்னிக்குக் கிழமைலேர்ந்தே ஆரம்பிக்கறேன். சனிக்கிழமை நாலரைலேர்ந்து ஆறு, சரிதானே?"

ஷ்யாமளா பாராக்ளைடரை மடித்துப் பையில் வைத்தாள். ஜிப்பை நன்றாக இழுத்து மூடினாள்.

"சனிக்கிழமைக்குக் காலம்பற. ஒம்பதுலேர்ந்து பத்தரை."