உப்புத் தண்ணீர்

"நாளைக்கு மெர்டேக்கா, நம்ம மலாயாவோட சுதந்திர அறிவிப்பைக் கேட்க எல்லாரும் மரகதம் வீட்டுக்குத்தான் போவாங்களா? நம்ம ரேடியோ என்ன ஊமையா?" பொருமினாள் சந்திரமதி.

"அவங்களோடது சிங்கப்பூர்ல வாங்கின டிரான்சிஸ்டர். வாசல்ல வச்சா காஜா பெராங் ஊரே உட்கார்ந்து கேட்கும்," என்றார் கணவர் கருணாகரன்.

சந்திரமதி விடுவிடுவென்று வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு மதில்மேல் அந்த ரேடியோவின் பேட்டரிகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் பட்டால் பழைய பேட்டரி இன்னும் ஒரு நாள் பாடும் என்பார்கள்.

பாடிவிடுமா? ஒவ்வொன்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, உப்புத் தண்ணீரை ஊற்றினாள். துருப்பிடித்துச் சாகட்டும்!

மறுநாள் காலை வடை சுட்டு, பாய் விரித்துக் காத்திருந்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பக்கத்து வீட்டில் ரேடியோ முழங்கியது.

மரகதம் ஓடி வந்தாள். "வாங்கக்கா! மூணு நாளா வெயில்ல வச்சும் எழுந்திருக்காத பேட்டரி. உள்ளே மருந்து காய்ஞ்சு போச்சாம். எந்தப் புண்ணியவதியோ உப்புத் தண்ணி ஊத்தியிருக்கா. அந்த ஈரத்துல கரண்ட் வந்துடுச்சு!"

மரகதம் சந்திரமதியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இல்லேன்னா பாருங்க, எல்லாரையும் உங்க வீட்டுக்குத்தான் போகச் சொல்லியிருப்பேன்."