ஒரு சாண் தள்ளி

"அப்பா, துருவுக்குக் கை முளைக்குமா?" என்று பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள் ஒருமுறை கேட்டாள். சவரிமுத்து தூக்குவாளியை வாங்கி ஓரமாக வைத்தான். நீளமான வார்ப்பிரும்பு மேசையில் ஐந்து விரலும் விரித்த ஓர் உள்ளங்கை, துருவாய்ப் படிந்திருந்தது. கூட வேலை பார்த்த இருதயம் என்பவனின் வியர்வை அப்படி. அவன் தொட்ட இரும்பு மறுநாளே சிவந்துவிடும். "உன் கை பட்டா இரும்புக்கே சொறி வருதுடா" என்று எல்லோரும் கேலி செய்வார்கள். எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலி அறுந்த அன்று, சவரிமுத்துவைத் தள்ளிவிட்டு, விழுந்த எஞ்சினுக்கு அடியில் அவன் போனான். இரண்டு வருடமாகிறது; கை தெரிய ஆரம்பித்தது இந்த வாரம்தான்.

சவரிமுத்து மண்ணெண்ணெய் ஊற்றி, எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய் பூசிவிட்டுப் போவான். காலையில் கை மறுபடி வந்திருக்கும், ஒரு சாண் தள்ளி.

"நேத்துதானண்ணே தேச்சீங்க? செத்தவரையும் விடமாட்டீங்க போல" என்று சிரித்தான், புதிதாகச் சேர்ந்த யாக்கூப்.

ஏழாம் நாள் கை மேசையின் விளிம்புக்கு வந்துவிட்டது. எஞ்சின் தூக்கும்போது யாக்கூப் நிற்கும் இடம் அது. அன்று மாலையும் ஒன்று தூக்க வேண்டியிருந்தது. சவரிமுத்து மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஏணி வைத்து ஏறினான். சங்கிலியில் ஒரு கண்ணி கம்பியாய்த் தேய்ந்திருந்தது. வேறு சங்கிலி மாட்டி இறங்கினான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் இரும்பு சுத்தமாக இருந்தது. யாரும் வருமுன் அவன் ஒரு ஜெபம் சொல்லி, வியர்த்த தன் கையை அந்த விளிம்பில் அழுத்தி வைத்தான். துடைக்கவில்லை.