முதலில் வந்தவள்

"நாடா எங்க? நான் நெஞ்சால முட்டி அறுக்க வேண்டிய நாடா எங்க?"

ஆரல்வாய்மொழி மைதானத்துக்குள் ஓடி வந்து நின்ற ஷெர்லிக்கு மூச்சு வாங்கக்கூட நேரமில்லை. கோபம் முந்திக்கொண்டது.

பெண்களுக்கான அரை மாரத்தான் அது. இருபத்தொரு கிலோமீட்டரில் பாதி தார்ரோடு, பாதி காற்றாலைகளுக்கு அப்பால் மண்பாதை. முதலில் வருகிறவள் மாவட்டத்தின் சார்பில் சென்னைப் பந்தயத்துக்குப் போவாள். ஷெர்லிதான் முதலில் வந்திருக்கிறாள். ஆனால் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. சுருட்டிய நாடா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தது. சிங்காரி மேளக்காரர்கள் செண்டைகளைத் தரையில் வைத்துவிட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

போட்டியை நடத்தும் பிபின் கையில் சாம்பார் வழிய ஓடி வந்தான்.

"அக்கா... நீங்க இவ்வளவு சீக்கிரம் வருவியள்னு நெனைக்கல்ல."

"எப்பிடி நெனைப்பிய? இனயத்துக்காரி, மீன் விக்கியவ மவ. இவளாவது ஜெயிக்கியதாவதுன்னுதானே இட்லி திங்க உக்காந்திய? டவுண்காரி எவளாவது வந்திருந்தா மேளம் ஊரைக் கூட்டியிருக்கும்!"

"ஐயோ, அப்பிடி இல்லக்கா."

"பின்ன எப்பிடியாக்கும்? அந்த மண்பாதையில கை தட்ட ஒரு ஆளு உண்டா? போட்டும், ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளு உண்டா? நாக்கு வறண்டு ஓடி வந்தேன்."

"அங்க நம்ம பயலுவள நிறுத்தியிருக்கேனே!"

"அப்ப நான் பொய்யா சொன்னேன்?"

பிபின் அவசரமாகப் போன் போட்டான். மண்பாதைக்குப் பொறுப்பான ஷாஜனின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. "சவத்துப் பயலுவ, எங்க போய் ஒறங்குனானுவளோ" என்று பல்லைக் கடித்தான்.

ஷெர்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகையில்லை, ஆத்திரம். ஒரு வருடமாக விடியுமுன் எழுந்து கடற்கரை மணலில் கால் புதையப் புதைய ஓடியவள் அவள். 'கட்டினவன் மஸ்கட்டில கெடந்து கஷ்டப்படியான், இவ பேன்ட் போட்டு ஓடியா' என்று ஊர் சிரித்தது. 'யாரு மக்கா ஒன்னத் தொரத்தியாவ?' என்று வலை பின்னுகிறவர்கள் கேட்டார்கள். அத்தனையையும் இந்த ஒரு நாளுக்காக விழுங்கி வைத்திருந்தாள். அந்த நாளும் வந்தது, இவர்கள் இட்லி தின்கிறார்கள்.

"மேடையில ஏறி மைக்கில மன்னிப்பு கேளுங்க. கேக்காம நான் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."

"அக்கா, சீஃப் கெஸ்ட் வாற நேரம்..."

"அவரும் கேக்கட்டு!"

அவள் சொன்னபடியே நடந்தது. சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது, பிபின் மைக்கில் திக்கித் திணறிக்கொண்டிருந்தான். "கடற்கரைச் சகோதரியை உரிய முறையில் வரவேற்கத் தவறிவிட்டோம். மன்னிக்க வேண்டும்." அதோடு விட்டாளா? நாடாவைக் கட்டச் சொன்னாள். வாசலுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தாள். இம்முறை செண்டைகள் அதிர்ந்தன, நாடா அறுந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை முறைத்த முகத்தோடேயே அம்மாவுக்கு அனுப்பிவைத்தாள்.

சற்று நேரத்தில் அம்மா குளோரி போனில் கூப்பிட்டாள்.

"மக்களே, கேட்டியா! நம்ம பக்கத்து வீட்டு ஆன்றோ கோயில் மைக்கில சொல்லிட்டான். நம்ம ஊரு ஷெர்லி முதலாவதுன்னு! பூசை முடிஞ்சு போனவங்க எல்லாம் திரும்பி வந்து நிக்காவ. வெடி போடியாவ, சத்தம் கேக்குதா?"

கேட்டது. போனே கிழிந்துவிடும்போலச் சரவெடி வெடித்தது.

"நல்லா வெடிக்கட்டு. என்னைப் பாத்துச் சிரிச்சவ வீட்டு வாசல்ல போய்ப் போடச் சொல்லுங்க" என்றாள் ஷெர்லி. அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மைதான வாசலில் சத்தம் எழுந்தது. இரண்டாவது ஆள் வந்துவிட்டாள். தேங்காய்ப்பட்டணத்து ஷாஹினாஸ். முழங்கால் இரண்டிலும் ரத்தம், முள் கிழித்த சட்டைக் கை, இடுப்பு வரை செம்மண். மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்ததைக் காதில் வாங்காமல் அவள் நேராகப் போய் பிபினின் சட்டையைப் பிடித்தாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா அண்ணா? சிலுவை நிக்கிய குருசடி வந்ததும் இடது பக்கம் திரும்புன்னு லேசா சொல்லிட்டிய. அந்தக் குருசடி மலை உச்சியில இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியளா? ஏறதுக்குள்ள உயிரு போய் உயிரு வந்துட்டு. மேல நிக்கிய ஷாஜன் அண்ணன் தண்ணி தரல்லன்னா அங்கேயே கெடந்திருப்பேன்!"

தெருவுக்கு ஒரு குருசடி நிற்கும் ஊரில் பிறந்து, இன்று தார்ரோட்டை விட்டு இறங்கியதும் குளத்தங்கரையில் கண்ட முதல் குருசடியிலேயே பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டு இடது பக்கம் திரும்பி ஓடி வந்திருந்த ஷெர்லி, வெடிச்சத்தம் ஓயாத போனைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"எந்த மலை?"