ஆளில்லாத வீடு

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. பழைய கரண்ட் பில் பாக்கியைத் தள்ளுபடி செய்யக் கேட்டு விண்ணப்பித்தவளுக்கு, "மேற்படி வீட்டில் யாரும் வசிக்கவில்லை. எனவே நிராகரிக்கப்படுகிறது" என்று கடிதம் வந்திருந்தது.

வந்தது அதே வீட்டுக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அம்மா!

ஹாஸ்டலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தேன். மறுமனு கொடுக்க இன்றே கடைசி நாள். விட்டால் நாளை ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

"இவங்கதான் மேடம் எங்கம்மா." அம்மாவைக் கவுன்டருக்கு முன்னால் நிறுத்தினேன். "நல்லா பாத்துக்கோங்க. மூச்சு விடறாங்க. அந்த வீட்லதான் விடறாங்க."

"சும்மா இருடி." அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

கவுன்டர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மாசம் நாலு யூனிட். நாலு யூனிட்ல யாராவது குடித்தனம் பண்ண முடியுமா? பூட்டின வீடுன்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணிடும்."

"வசிக்கிறோம்னு நிரூபிக்க என்ன செய்யணும்?"

"முப்பது யூனிட்டாவது ஓடணும்."

"முப்பது யூனிட்டுக்குக் காசிருந்தா இங்க ஏன் மேடம் வந்து நிக்கறோம்? சிக்கனமா இருந்ததுக்கு தண்டனையா?"

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். எனக்குக் குஷி பிறந்துவிட்டது. அடுத்த பாயின்டுக்குத் தொண்டையைச் செருமினேன்.

கவுன்டர் அம்மா என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "தையல் வேலைன்னு போட்டிருக்கீங்க. பொழுது சாஞ்சா லைட் இல்லாம எப்படித் தைக்கறீங்க?"

"நான் எங்கே வீட்ல இருக்கேன்? பொழுது சாஞ்சதும், போன வருஷம் குடிவந்த பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுடுவாங்க. தனிக்கட்டை. இருட்டுன்னா அப்படி ஒரு பயம், பாவம். என் மோட்டார் மெஷினைக்கூட அங்கயே போடச் சொல்லிட்டாங்க. அந்தச் சத்தம் கேட்டா தைரியமா இருக்காம். தூங்க மட்டும்தான் நம்ம வீடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரியும். அந்தப் பெரியம்மாவுக்கு நான் வைத்த பெயர் கலங்கரை விளக்கம். அவருடைய பயத்துக்குக் காவல் இருக்கப் போய், அம்மா சொந்த வீட்டையே ஆளில்லாத வீடாக்கிவிட்டாள்!

திரும்பினால், வரிசையில் எங்களுக்குப் பின்னாலேயே நிற்கிறது கலங்கரை விளக்கம்.

"பெரியம்மா! உங்க பயத்தால எங்க வீட்டு ஃபியூஸ் போகப்போகுது!"

"என் கதையையும் கேளு கண்ணு." அவர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"ஒரு நபர் என்று எழுதிவிட்டு, இருவருக்கான மின்சாரம் செலவழித்துள்ளீர்கள். தவறான தகவல். நிராகரிக்கப்படுகிறது."

கவுன்டர் அம்மா இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிடம் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடி நழுவி மேஜையில் விழுந்தது.

"இங்க ஒரு ஆள் குறையுது, அங்க ஒரு ஆள் கூடுது! காணாமப்போன ஆள் கிடைச்சாச்சு!"

டொம். டொம். இரண்டு மனுவிலும் முத்திரை விழுந்தது. வரிசை மொத்தமும் கைதட்டியது. நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். "விடுடி, மானம் போகுது" என்று சிரித்துக்கொண்டே, அம்மா கையெழுத்துப் போட மூலை மேஜைக்குப் போனாள்.

கவுன்டர் அம்மா பெரியம்மாவின் மனுவைப் புரட்டியவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"முன்னாள் வேலை, ஆஸ்பத்திரி பிணவறை. நைட் டியூட்டி. இருபத்தெட்டு வருஷம்... உங்களுக்கா பெரியம்மா இருட்டுன்னா பயம்?"

பெரியம்மா பதறிப்போய் மூலை மேஜையைப் பார்த்தார். எழுதாத பேனாவை அம்மா உதறிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாம்மா, மெதுவா! அவ ரோஷக்காரி. காதுல விழுந்தா, நாளைலேர்ந்து இருட்டுல உக்காந்து தைப்பா."