யாரும் எடுக்காத அழைப்புகள்

நோன்பு தொடங்குமுன் விடியலில் சாப்பிடும் சஹருக்கு ஷஹீரா இன்று எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது கெய்ரோ முழுக்க வெயில் ஏறியிருந்தது. முந்தின நாள் வேகவைத்த ஃபூல் பயறு சட்டியோடு அப்படியே கிடந்தது. இத்தனை நாளும் ராங் கால் வந்தோ, நாய் குரைத்தோ எப்படியோ விழிப்பு வந்துவிடும். இன்றைக்குப் பார்த்து ஒன்றும் இல்லை.

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிடித்த நோன்பு. எரிச்சலோடுதான் அலுவலகத்துக்கு வந்தாள். எதிர் மேசையில் சக ஊழியர் மகாரியூஸ் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பற்றிக்கொண்டு வந்தது. கிறிஸ்தவர், நோன்பும் கிடையாது. இவருக்கு அப்படி என்ன களைப்பு?

இன்டர்நெட் வழியாகப் போன் அழைப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனி அது. எந்த வாடிக்கையாளர் எவ்வளவு வேகத்தில் அழைக்கலாம் என்று சர்வரில் வரம்பு வைப்பது ஷஹீராவின் வேலை. இறுக்கிப் பிடித்தால் நல்லவர்கள் கத்துவார்கள். தளர்த்தினால் திருடர்கள் புகுந்துவிடுவார்கள்.

நேற்று அப்படி ஒரு திருடனைப் பிடித்திருந்தாள். ஒரு கணக்கிலிருந்து தினமும் விடியுமுன் நூற்றுக்கணக்கான அழைப்புகள் ஒரே மூச்சில் பாய்ந்தன. யாரும் எடுப்பதற்குள் துண்டிப்பு. யாரென்று பார்க்கத் திருப்பிக் கூப்பிடுகிறவனிடம் காசு கறக்கும் கும்பல்கள் இப்படித்தான் செய்யும். நிமிடத்துக்கு ஒரே அழைப்பு என்று கழுத்தை நெரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

இன்று தோண்டிப் பார்த்தால், அந்தக் கணக்குக்கு முதலில் வரம்பைத் தளர்த்தி விட்டவர் சாட்சாத் மகாரியூஸ்.

மேலாளருக்கு மெயில் அடித்து முடித்தாள். அனுப்பினால் மனுஷனுக்கு வேலை போய்விடும். மூன்று பிள்ளைகளின் தகப்பன். விரல் தயங்கியது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று அவரைத் தட்டி எழுப்பினாள்.

"உஸ்தாத், விடியக்காலைல யாருக்காக வேலை பாக்குறீங்க?"

திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"என் கணக்குதான். உங்ககிட்ட கேட்டிருக்கணும். தப்புதான்."

"எத்தனை பேரை ஏமாத்தினீங்க?"

"ஏமாத்தலம்மா" என்றவர், கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். நோன்பு மாதம் முழுக்க மேளம் தட்டி, வீட்டுக்கு வீடு பேர் சொல்லிக் கூப்பிட்டு, மகாரியூஸ் குடியிருக்கும் தெருவைச் சஹருக்கு எழுப்பிவிடுகிறவர் ஹம்தி. இந்த வருஷம் நோன்புக்கு முன்னாலேயே அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

"பாக்கப் போனேன். சஹர் இல்லாம ஜனங்க பட்டினியா நோன்பு பிடிப்பாங்களேன்னு அழுதாரு. நான் இருக்கேன்னு வாய விட்டுட்டேன். எனக்கு மேளம் அடிக்க வருமா? தெரிஞ்சது போன்தான். எழுப்பணும், அவ்வளவுதானே, பேசவா போறோம்? அதான் ரெண்டு ரிங் போனதும் கட் பண்ணிடுவேன்."

ஷஹீராவை வெட்கம் பிடுங்கித் தின்றது. மெயிலை அழித்துவிட்டு, வரம்பை இப்போதே கூட்டிவிடுவதாகச் சொன்னாள்.

மகாரியூஸ் அவளுடைய காய்ந்த உதட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீங்க சாப்பிடல, இல்லையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நோன்பன்னிக்கு எழுந்திருக்க முடியலன்னு புலம்பினீங்களே, அன்னிக்கே உங்க நம்பரையும் கடைசில சேர்த்துட்டேன்" என்றார், தன் தப்பைச் சொல்வது போல. "ஆனா இன்னிக்கு நிமிஷத்துக்கு ஒண்ணுதான் போச்சு. உங்க முறை வர்றதுக்குள்ள விடியக்காலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. மன்னிச்சுக்கோங்கம்மா."