ஜெயித்தவர் தீவனம்

கடைசிக் குட்டியும் தராசில் ஏறி இறங்கிவிட்டது. நான் தோற்றுவிட்டேன்.

என் பத்துக் குட்டிகளும் சேர்ந்து முந்நூற்று நாலு கிலோ. என் வீட்டுக்காரருடைய பத்தும் முந்நூற்றுப் பதினொன்று.

ஏழே கிலோ. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எடை பார்க்க வந்த ஆட்டு வியாபாரி பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

மூன்று மாதமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாஸ் கம்பெனி கழித்துப் போடும் தக்காளித் தோலையும் விதையையும் மொட்டை மாடியில் காயவைத்து, பட்டாணித் தோலோடு கலந்து என் குட்டிகளுக்குப் போட்டேன். தலைக்குக் குளித்தாலும் தக்காளி வாசம் போகவில்லை.

அதையெல்லாம் வேனில் ஏற்றி வந்து கொடுத்தது இதே வீட்டுக்காரர்தான். கொடுக்கும்போதே ஒரு நக்கல் சிரிப்பு. குப்பையைத் தின்று எந்தக் குட்டியாவது தேறுமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுவைத்தார்.

அவர் குட்டிகளுக்குக் கடைத் தீவனம், பதினைந்து மூட்டை. அதை ஓர் அறையில் அடுக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நான் என்னமோ திருடித் தின்னப் போகிற மாதிரி.

வியாபாரி அடுத்த வாரம்தான் ஓட்டிப் போவார். அதுவரைக்கும் இந்தக் குட்டிகளுக்கும், அதற்குப் பிறகு வாங்கும் குட்டிகளுக்கும், ஜெயித்தவருடைய தீவனத்தைத்தான் இருவரும் போட வேண்டும். அதுதான் பந்தயம்.

“தீவனம்னா தீவனமா இருக்கணும்ண்ணே, கழிச்சுப் போட்டதெல்லாம் தீவனமாயிடுமா?” என்று என் வீட்டுக்காரர் வியாபாரிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். கம்பத்தில் தொங்கிய அவர் சட்டையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

பாதிப் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். மூட்டை கனமாம், தானே எடுத்துத் தருகிறாராம். மூன்று மாதத்தில் இல்லாத கரிசனம்.

அதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன்.

பதினைந்து மூட்டையும் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. ஒன்றில்கூடத் தையல் பிரிக்கவில்லை.

பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த தக்காளித் தோல். என் பக்குவம் மாறாமல் பட்டாணித் தோல்கூடக் கலந்திருந்தது.

அவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏங்க, ஜெயிச்சவங்க தீவனத்தத்தானே போடணும்? இதுல எத அள்ளட்டும்?”